வெள்ளைக் கூட்டைப் பிடிக்க ஒருவர்

ஸைல்ஹோர்ன்
14 ஆகஸ்ட் 1994

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். கூரையில் ஒழுகிய இடத்தை எல்ட்யோ மாமா வந்து அடைத்துக் கொடுத்தார். நேற்று கல்லறைக்குப் போய் அம்மாவுக்கும் ரெம்மர் அண்ணனுக்கும் பூ வைத்துவிட்டு வந்தேன். அண்ணன் பக்கம் புல் நன்றாகப் பிடித்துவிட்டது. உங்கள் போன கடிதம் ஒரு பக்கம்கூட இல்லை. சிங்கப்பூரில் கப்பலில் நின்று கடலையே அள்ளிக் கரையாக்குகிற மனிதருக்கு, மகளுக்கு எழுத இரண்டு பக்கம் அகப்படாதா?

ஒரு செய்தி. நம் சைக்கிள் சங்கம் மறுபடியும் பந்தய நாள் நடத்துகிறது, மூன்று வருடம் கழித்து. அக்டோபர் எட்டு, சனிக்கிழமை. கடல் அணைக்குப் பின்னால் நம் பழைய வட்டப் பாதையில்தான். மல்லாந்து ஓட்டும் சைக்கிள் எதுவானாலும் வரலாம், திறந்ததும், காற்றுத் தடுக்காமலிருக்க மேலே கூடு போட்டு மூடியதும். என்னைச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள். "பட்டம் வாங்கினவ நீதானே, நகராட்சிக்கு எழுத உனக்குத்தான் தெரியும்" என்றார் எல்ட்யோ மாமா. முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். குரல் எழவில்லை. அதைச் சம்மதம் என்று குறித்துக்கொண்டார்கள்.

பட்டாணி சூப் ட்ரீன் அத்தை பொறுப்பு. சுற்று எண்ணுவதும் அவர்தான். வளைவில் வைக்க வைக்கோல் கட்டு சொல்லியாயிற்று. நீங்கள் வந்தால் எல்லாம் சரியாகிவிடும். அறையைப் பெருக்கி வைத்திருக்கிறேன்.

ஒரு சின்ன விஷயம். புதன் சாயங்காலப் பயிற்சியில் வெள்ளைக் கூடு ஒன்று ஓடுகிறது. முழுக்க மூடியது, இரண்டு சக்கரம். எண் இல்லை. உள்ளே யார் என்று தெரியவில்லை. அந்த மாதிரிக் கூட்டுக்குள் ஆளை வைத்து வெளியிலிருந்து டேப் ஒட்ட வேண்டும், புறப்படும்போது ஒருவர் தாங்க வேண்டும், நிற்கும்போது ஒருவர் பிடிக்க வேண்டும். யார் தாங்கி விட்டீர்கள் என்று எல்லாரையும் கேட்டேன். ஒவ்வொருவரும் மற்றவரைக் காட்டினார்கள்.

உங்கள் கெஸினா

*

சிங்கப்பூர் கரையோரம்
30 ஆகஸ்ட்

பட்டதாரி அம்மாவுக்கு,

நம்ம வம்சத்துலயே மொதல் செயலாளர் நீதான். உன் தாத்தா கையெழுத்துப் போடுறதுக்கே நாக்கைக் கடிச்சுக்குவார்.

இங்க வெயில் மண்டையப் பொளக்குது. சமையல்காரன் எங்கயோ கிடைச்ச பட்டாணியில சூப் வச்சான். ஒருத்தனும் ரெண்டாவது தடவை கேக்கலை. ட்ரீன்கிட்ட சொல்லு, அவ சூப்பைப் பத்தி நான் பேசின பேச்செல்லாம் வாபஸ்.

நான் வர்றதுக்கில்ல கண்ணு. ஒப்பந்தம் அப்படி. பந்தயத்துக்கு முன்னாடி ராத்திரி பாதையில மண்புழு ஏறும், காலையில கூட்டித் தள்ளச் சொல்லு, வழுக்கும். திறந்த வண்டிக்கும் கூடு போட்டதுக்கும் தனித்தனியா பந்தயம் வை. கூடு போட்டவனுக்குப் பக்கவாட்டுல வர்றவன் தெரியாது.

வெள்ளைக் கூடா? ஹாலந்துல பாதிக் கூடு வெள்ளைதான், சாயம் பூசச் சோம்பல். எல்ட்யோவை மூக்குக் கண்ணாடியத் துடைச்சுட்டுப் பாக்கச் சொல்லு.

அப்பா

*

ஸைல்ஹோர்ன்
13 செப்டம்பர்

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் சிரிக்க வைத்தீர்கள். சிரித்து முடித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

இருபத்தாறு பேர் பதிந்திருக்கிறார்கள். டெல்ஃப்டிலிருந்து ஒரு மாணவர் கூட்டம் வருகிறது. சங்கக் கூட்டத்தில் நான் நிகழ்ச்சி நிரலை வாசித்தபோது பின்வரிசையிலிருந்து ஒருவர் "பாப்பா, கடல் சத்தத்துல கேக்கலை" என்றார். கடல் அணைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அன்று காற்றும் இல்லை.

அந்த வெள்ளைக் கூடு இன்னும் வருகிறது அப்பா. எல்லாரும் கூட்டைக் கழற்றி வண்டியில் ஏற்றிய பிறகும் அது மட்டும் சுற்றுகிறது. சத்தமே இல்லை. சங்கிலிச் சத்தம்கூட இல்லை. நேர்ப்பாதை முடிவில், பிடிக்கிறவர்கள் நிற்கும் இடத்துக்கு வந்ததும் வேகத்தைக் குறைக்கிறது. விழப்போவதுபோல் லேசாக ஆடுகிறது. ஆள் இல்லை என்று தெரிந்ததும் மறுபடி மிதித்துப் போய்விடுகிறது. ட்ரீன் அத்தை அதற்கும் சுற்று எண்ணுகிறார். "பாவம், யாரோ வர்றேன்னு சொல்லிட்டு வரலை போல" என்றார்.

நான் கொட்டகைக்குப் போய்ப் பார்த்தேன். நீங்கள் ரெம்மருக்குச் செய்த வெள்ளைக் கூடு உத்திரத்தில் நீங்கள் கட்டிய கயிற்றிலேயே தொங்குகிறது. மேலே தூசி ஒரு விரல் கனம். சக்கரம் மட்டும் ஈரமாக இருந்தது. வெட்டின புல் ஒட்டியிருந்தது.

மூன்று வருடம் முன்பு அண்ணன் போன அன்று நான் க்ரோனிங்கனில் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தேன். நான் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஓட்டும்போதே அண்ணனுக்கு இதயம் நின்றுவிட்டது என்று டாக்டர் சொன்னார், நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. கப்பலேறிவிட்டீர்கள். போன வாரம்தான் எல்ட்யோ மாமா சொன்னார்: "உங்கப்பா அவனைப் பிடிச்சார்மா. ரொம்ப நேரம் பிடிச்சுக்கிட்டே நின்னார். ஆனா சொல்ல வேண்டியதைச் சொல்லலை."

நிஜமா அப்பா?

உங்கள் கெஸினா

*

சிங்கப்பூர் கரையோரம்
24 செப்டம்பர்

கெஸினா,

நிஜம்.

பிடிக்கிறவன் "பிடிச்சாச்சு"ன்னு கத்தணும். அதைக் கேட்டாத்தான் உள்ள இருக்கிறவன் மிதியிலேருந்து காலை எடுப்பான். கேக்குறவரைக்கும் எடுக்கக் கூடாது. அவனுக்கு ஆறு வயசுல நானே சொல்லிக் கொடுத்தது. அன்னைக்குக் கூட்டுல கை வச்ச உடனே உள்ள உசிரு நின்னது எனக்குத் தெரிஞ்சுபோச்சு. சொன்னா காலை எடுத்துட்டு ஒரேயடியா போயிடுவான். அதான் சொல்லலை.

கேப்டன்கிட்ட பேசிட்டேன். வர்றேன். ஆறாம் தேதி விமானம். எட்டாம் தேதி காலையில ஸ்டேஷன்லேருந்து பஸ் பிடிச்சு நேரா பாதைக்கே வந்துடுவேன். நீ யாரையும் கூட்டிட்டு வர அனுப்பாதே.

அதுவரைக்கும் அதை யாரும் பிடிக்க வேணாம். கிட்டப் போக வேணாம். அது என் வேலை.

வந்து அப்புறம் வீட்டுலயே இருக்கேன். கூரையை நான் பாக்குறேன், எல்ட்யோ அடைச்சது தாங்காது.

அப்பா

*

ஸைல்ஹோர்ன்
8 அக்டோபர், இரவு

அன்புள்ள அப்பாவுக்கு,

எங்கே இருக்கிறீர்கள்? எந்த முகவரிக்கு எழுதுவது என்று தெரியாமல் கப்பலுக்கே எழுதுகிறேன்.

காலை பஸ்ஸில் நீங்கள் இல்லை. அடுத்ததிலும் இல்லை. புழுக்களைக் கூட்டித் தள்ளினோம். மூடுபனி கலையவே இல்லை. ஆனாலும் ஓட்டினார்கள். டெல்ஃப்ட் மாணவன் ஒருவன் வைக்கோலுக்குள் புகுந்து, "சூப் இங்க தர்றாங்களா?" என்று கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். நான் ஒவ்வொரு பஸ் சத்தத்துக்கும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானம், ஒரு மணி நேரப் பந்தயம் முடிந்து எல்லாக் கூடுகளையும் பிடித்தாயிற்று. பாதை காலி. ட்ரீன் அத்தை மட்டும் பென்சிலைக் கீழே வைக்கவில்லை. "இன்னும் ஒண்ணு இருக்கு" என்றார்.

பனிக்குள்ளிருந்து வந்தது. அப்பா, அது ரொம்ப மெதுவாக வந்தது. இதுவரை இப்படி ஆடிப் பார்த்ததில்லை. களைத்துப் போனவனின் ஆட்டம். பஸ் பாதையைப் பார்த்தேன். யாரும் இல்லை. நீங்கள் வேண்டாம் என்று எழுதியிருந்தது நினைவில் இருந்தது. ஆனால் அது சாயத் தொடங்கிவிட்டது. ஓடிப்போய் இரண்டு கையாலும் பிடித்தேன்.

கனமாக இருந்தது. ஆள் இருக்கும் கனம். உள்ளே கால்கள் சுற்றிக்கொண்டே இருந்தன, அதிர்வு என் விலா எலும்பில் தெரிந்தது. கத்தினேன். "பிடிச்சாச்சு!" பாதை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவ்வளவு பெரிய குரல் எனக்குள் எங்கே இருந்தது என்று தெரியவில்லை.

கால்கள் நின்றன. பிறகு என் கைகளுக்கு நடுவில் பனி மட்டும் இருந்தது.

எல்ட்யோ மாமா தொப்பியைக் கழற்றினார். ட்ரீன் அத்தை எனக்கு சூப் கொண்டுவந்து கொடுத்து, நான் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார்.

உங்கள் வேலையை நான் செய்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். படுக்கை விரித்திருக்கிறது. சீக்கிரம் வாருங்கள்.

உங்கள் கெஸினா

*

சிங்கப்பூர் கரையோரம்
9 அக்டோபர்

கெஸினாக் கண்ணு,

மாத்து ஆள் வர்ற படகு தாமதம், விமானத்தை விட்டுட்டேன். அடுத்த டிக்கெட் புதன்கிழமைக்கு. மூட்டை கட்டி வச்சிருந்தேன்.

நேத்து பொழுது சாயறப்ப மேல்தளத்துல நின்னுக்கிட்டிருந்தேன். மூணு வருஷமா முழங்கைக்குக் கீழ ஒரு கனம். தூங்குறப்பவும் ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டுத்தான் தூங்குவேன், அறையில இருக்கிறவங்க கேலி பண்ணுவாங்க. நேத்து அது போயிடுச்சு. இறக்கி வச்ச மாதிரி. யாரோ பிடிச்சுட்டாங்க, எனக்குத் தெரியும்.

யாருன்னு விசாரிச்சு ஒரு நல்ல காபி வாங்கிக் கொடு. எல்ட்யோவாத்தான் இருக்கும். நீயா இருக்காது, உன் குரல் எழாது.

நல்லாத் தூங்கினேன். காலையில டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துட்டேன். இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டாச்சு. அங்க இனிமே பிடிக்கிறதுக்கு எனக்கு யாரு இருக்கா?

உடம்பைப் பாத்துக்க. கூரையை எல்ட்யோவையே பாக்கச் சொல்லு.

அப்பா

*

ஸைல்ஹோர்ன்
23 அக்டோபர்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. பல தடவை வாசித்தேன்.

கொட்டகைக் கயிற்றை அறுத்து வெள்ளைக் கூட்டை இறக்கினேன். கழுவினேன். காற்றடித்தேன். சங்கிலிக்கு எண்ணெய் போட்டேன். நானும் அண்ணன் உயரம்தான், நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். சரியாகப் பொருந்துகிறது.

உறைபனி விழும்வரை பாதை நமக்குத்தான். சனிக்கிழமை ட்ரீன் அத்தை டேப் ஒட்டுவார். எல்ட்யோ மாமா தாங்கி விடுவார். முடிவில் யார் பிடிப்பது என்று கேட்டார்கள். அப்பா என்று சொன்னேன். தெளிவாகவே சொன்னேன், எல்லாருக்கும் கேட்டது. வேறு யாரையும் நிறுத்தவில்லை.

ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடத்துக்கு வந்ததும் வேகத்தைக் குறைத்துப் பார்ப்பேன்.

நீங்கள் சொல்லும்வரை காலை எடுக்க மாட்டேன்.

உங்கள் கெஸினா