உங்கள் கையெழுத்தில் மூன்று கேள்விகள்

அக்கா,

ரேஷன் கார்டைத் தேடும்போது இன்று என் ஆஸ்பத்திரி ஃபைல் கைக்கு வந்தது. அட்டையில் உங்கள் எழுத்தில் மூன்று கேள்விகள். எதனால் ரத்தம்? சதையை எடுத்துப் பார்க்க வேண்டுமா? மாத்திரையை மாற்றலாமா? சத்துணவுப் பதிவேடு எழுதிப் பழகிய முத்து முத்தான எழுத்து.

மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து, அது திரும்பாமலிருக்க நாம் இருவரும் ஒரே ஹார்மோன் மாத்திரையைச் சாப்பிட்டு வந்தோம். செக்கப்புக்கு நான் அரியலூரில் திருச்சி பஸ் ஏறினால், கீழப்பழுவூரில் நீங்கள் ஏறுவீர்கள். அப்படித்தான் பழக்கம்.

மாதவிலக்கு நின்று மூன்று வருடமான எனக்கு மறுபடி ரத்தம் பட்டபோது வீட்டில் ஒருவரிடமும் சொல்லவில்லை. மாத்திரைதான் காரணம் என்று நானே முடிவுகட்டி நிறுத்திவிட்டேன். பதினோரு நாள். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்று பஸ்ஸில் நீங்கள் சாதாரணமாகக் கேட்டதும் அழுதுவிட்டேன்.

நீங்கள் திட்டவில்லை. மகள் கல்யாணம் முடியட்டும் என்று நாலு மாதம் இதையே மறைத்ததையும், கடைசியில் கர்ப்பப்பையை எடுக்க வேண்டி வந்ததையும் அன்றுதான் சொன்னீர்கள். “நான் பண்ணுனத நீ பண்ணாத. இன்னிக்கே டாக்டரம்மாகிட்ட சொல்லிடு. நான் கூட இருக்கேன்” என்றீர்கள். லால்குடி தாண்டுவதற்குள் கேள்விகளை எழுதி முடித்துவிட்டீர்கள்.

அந்த மாத்திரை சிலருக்குக் கர்ப்பப்பையின் உள்தோலைத் தடிக்க வைக்கும், ஒரு சொட்டுப் பட்டாலும் வந்து காட்ட வேண்டும், தானாக நிறுத்தக் கூடாது என்றார் டாக்டரம்மா. ஸ்கேன் எடுத்தார்கள், பிறகு சதைப் பரிசோதனை. முடிவு வரும்வரை தினமும் சாயங்காலம் போன் செய்து, அன்று என்ன குழம்பு என்று மட்டும் கேட்டீர்கள். வந்தது வெறும் சதை வளர்ச்சி, புற்று இல்லை. அதை எடுத்துவிட்டு வேறு மாத்திரைக்கு மாற்றினார்கள்.

உங்களுக்குத்தான் போன வருடம் நோய் நுரையீரலில் திரும்பியது. நீங்கள் கண்மூடுவதற்கு முன் கடைசியாகப் பார்த்தபோதும் மூச்சு வாங்கிக்கொண்டே என் அடுத்த ஸ்கேன் எப்போது என்று கேட்டீர்கள்.

போன வாரம் என் தையல் கடைக்குக் கல்லங்குறிச்சியிலிருந்து ஒரு பெண் வந்தாள். ஒரு பக்கம் மார்பு எடுத்தவள். உள்ளே பஞ்சு வைத்து ஜாக்கெட் தைக்க வேண்டும். அவளும் அதே மாத்திரைதான் சாப்பிடுகிறாளாம். அளவு எடுத்து முடித்த பிறகும் போகாமல் நின்றாள். கதவைச் சாத்திவிட்டு, “ரத்தம் ஏதும் படுதாம்மா?” என்று கேட்டேன். ஆமாம் என்று தலையசைத்தாள்.

முன்பெல்லாம் அந்தக் கேள்வி என் வாயில் வராது அக்கா. வியாழக்கிழமை அவளோடு பஸ் ஏறுகிறேன்.