காஞ்சிபுரத்துக்காரன் செய்த மென்பொருள்

9 ஆகஸ்ட் 2004, திங்கள்

இன்று சந்திரமோகன் சாரிடம் நான் சொல்லாதது: பன்னிரண்டு பேரும் பொய் சொன்னார்கள்.

போனில் சொன்னது: "முதல் சுற்று முடிஞ்சுது சார். ஐந்துக்குச் சராசரி நாலு புள்ளி ஒன்பது." சென்னையில் என் மேலதிகாரி அவர்; போனைக் காதில் வைத்தபடியே யாரிடமோ பெருமையாகத் திரும்பச் சொன்னார். அந்தப் புள்ளி ஒன்று ஏன் குறைந்தது என்று கேட்டார். ஒருவர் கண்ணாடி கொண்டுவர மறந்து, ஐந்துக்குப் பதில் நான்கில் வட்டம் போட்டுவிட்டார் என்பதையும் நான் சொல்லவில்லை.

விவரமாக எழுதி வைக்கிறேன், பின்னால் நானே நம்பமாட்டேன். எங்கள் கம்பெனி, பட்டுச்சேலைக்கு டிசைன் போடும் ஒரு வெளிநாட்டு மென்பொருளைத் தமிழாக்கியிருக்கிறது. கம்ப்யூட்டரில் ஒரு மயிலை வரைந்தால், தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டியில் மாட்டும் அட்டைகளில் எங்கெங்கே ஓட்டை குத்த வேண்டும் என்று அதுவே கணக்குப் போட்டுக் கொடுக்கும். நல்ல சாமான்தான். வெளியிடுவதற்கு முன், அதைப் பயன்படுத்தப்போகிறவர்களை உட்காரவைத்துச் சோதிக்க வேண்டும் என்பது தொழில் நெறி. அதற்குத்தான் நான். சென்னையில் இரண்டு வாரப் பயிற்சி, ஆறு மாத ஒப்பந்தம், நாற்பது பக்க நெறிமுறைக் கையேடு. நான் படிக்க வேண்டிய அறிமுகவுரையைக்கூட அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு சொல்லையும் மாற்றக்கூடாது. சோதனை ஒழுங்காக முடிந்தால் வேலை நிரந்தரம், சென்னைக்குப் போய்விடலாம். இல்லாவிட்டால் அம்மா ஜாதகக் கட்டோடு தயாராக இருக்கிறாள்.

இந்த வேலைக்குச் சென்னையில் வைத்த பெயர் 'உள்ளூராக்கம்'. உள்ளூரில் அது ஒருவருக்கும் புரியவில்லை.

சோதனை நடக்கும் இடம், எங்கள் ஆரணி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கற்பகம் அக்காவின் கம்ப்யூட்டர் சென்டர். இன்று கடைசியாக வந்தவர் ராஜம்மாள். இருபது வருடமாக அட்டை குத்துகிறவர். காகிதத்தில் டிசைனைப் பார்த்தாலே எத்தனை அட்டை என்று சொல்லிவிடுவார். மயிலுக்குக் கழுத்து கோணிவிட்டது, திருத்தப் போனார். மெனுவில் 'அன்டூ'வுக்கு 'செயல்தவிர்' என்று இருந்தது. படித்தார். மௌஸிலிருந்து கையை எடுத்தார். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சோதனையாளர் உதவக்கூடாது என்பது விதி. நாலு நிமிஷம் இருவரும் சாமி சன்னதியில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தோம்.

"என்னம்மா ஆச்சு?" என்று கடைசியில் கேட்டேன்.

"வேணாம்னு சொல்லுதே கண்ணு. அது சொல்றப்போ நாம செய்யலாமா?"

அதற்குப் பிறகு ஐந்துக்கு ஐந்து வட்டம் போட்டார். "அம்மா, நிஜமாவே நல்லா இருந்துச்சா?"

"ஒம் மார்க்கு கொறைய வுடுவேனா நானு?"

என் மார்க்கு!

10 ஆகஸ்ட்

கற்பகம் அக்காவிடம் சண்டை. வருகிற ஒவ்வொருவரிடமும், "நம்ம ஜெயப்ரியாவுக்கு வேலை பர்மனென்ட் ஆவறது உங்க கையிலதான் இருக்குது" என்று வாசலிலேயே சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

"நல்லதுதானே செஞ்சேன்? இன்னாத்துக்கு மூஞ்ச தூக்கிகினு கீற?"

அவர்கள் மென்பொருளைச் சோதிக்க வரவில்லை. என்னைப் பாஸ் போட வந்தார்கள்.

11 ஆகஸ்ட்

வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாமா? நாலு புள்ளி ஒன்பது. நெறிப்படி எடுத்தது. என் கையெழுத்து இருக்கிறது, அவர்கள் கையெழுத்து இருக்கிறது. சென்னையில் ஜன்னல் பக்கமாக எனக்கு ஒரு நாற்காலி இருக்கிறது.

12 ஆகஸ்ட், வியாழன்

பச்சையப்பன் அண்ணன் ஏதோ பிரிண்ட் எடுக்க சென்டருக்கு வந்தார். ஊரில் டிசைன் வரைகிறவர்களில் வாய் நீளம் அவருக்குத்தான்; கலெக்டர் வந்து டிசைனைப் பாராட்டியபோதே "கலர் தப்பா சொல்றீங்க சார்" என்றவர். அவரும் போன வாரம் எனக்கு ஐந்து கொடுத்திருந்தார்.

"இன்னா பாப்பா, பாஸாயிட்டியா?"

எனக்கு எங்கிருந்து வந்ததோ எரிச்சல். "அண்ணா, அத நான் செய்யல. எனக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

"பின்ன எவன் செஞ்சான்?"

சென்னை என்றால் மரியாதை வந்துவிடும். வெளிநாடு என்றால் பக்தியே வந்துவிடும். ஒரு வினாடி யோசித்தேனா, யோசிக்கவே இல்லையா, தெரியவில்லை. "காஞ்சிபுரத்துக்காரங்க" என்றேன்.

அண்ணன் கையிலிருந்த காகிதத்தை மேஜைமேல் வைத்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டார்.

"அத்தானே பாத்தேன்! தொற அத."

ஐம்பது நிமிஷம். ஒரு மெனுவையும் விடவில்லை. "எல்லையாம் எல்லை! இன்னா இது, பாகிஸ்தானா? கரைன்னு போட வாய் வலிக்குதா அவனுக்கு? முந்திக்கு இன்னா போட்டுகீறான் பாரு, இறுதிப்பகுதி. பொண்ணு முந்தானை போட்டுகினு போவுதா, இல்ல இறுதி ஊர்வலம் போவுதா? நீட்டுக்கு ஓடற பாவு நூலுக்கு நெடுக்கிழையாம். தறியில குந்தி ஒரு நாளு நெய்ஞ்சவன் இத எழுதியிருப்பானா?" நடுவில் தண்ணீர் கேட்டார், குடித்தார், தொடர்ந்தார். மயிலைத் திருப்பிப் போடும் கட்டளை மூன்று மெனுவுக்கு அடியில் ஒளிந்திருக்கிறது, டிசைன்காரன் நிமிஷத்துக்கு ஒரு தரம் அதைத்தான் தேடுவான் என்றார். பயிற்சியில் 'கட்டளையின் எளிய அணுகல்' என்று ஒரு அத்தியாயமே நடத்தினார்கள். அதில் இவ்வளவு தெளிவாக ஒன்றும் இல்லை.

"மார்க்கு எவ்ளோண்ணா போடலாம்?"

"ஒண்ணுக்குக் கீழ இல்லியா?"

13 ஆகஸ்ட்

ஊரில் எல்லோருக்கும் ஒரே கோபம்தான்: இங்கே நெய்ததைக் கடைக்காரன் காஞ்சிபுரம் என்று சொல்லி விற்கிறான் என்று. அந்தக் கோபத்துக்கு இப்படி ஓர் உபயோகம் இருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

நான் செய்வது ஆராய்ச்சியா, வத்தி வைப்பதா? கையேடு, பக்கம் 11: பங்கேற்பாளரின் கருத்தைப் பாதிக்கும் எந்தத் தகவலையும் அளிக்கலாகாது. அளித்துவிட்டேன். பொய்த் தகவல் வேறு.

ஆனால் ஒன்று. பக்கத்து ஊர்க்காரனை முட்டாள் என்று நிரூபிக்க ஒரு மனிதன் எவ்வளவு கவனமாகப் படிக்கிறான்! எனக்கு மார்க்கு போட்டபோது அவர் திரையையே சரியாகப் பார்க்கவில்லை.

31 ஆகஸ்ட், செவ்வாய்

பன்னிரண்டு பேரையும் திரும்பக் கூப்பிட்டேன். பன்னிரண்டு பேரிடமும் காஞ்சிபுரம் என்றேன். சராசரி ஒன்று புள்ளி ஆறு.

ராஜம்மாள் இந்தத் தடவை கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. "எவன்டா அவன் எனக்கு வேணாம்னு சொல்றது?" என்று திரையைப் பார்த்தே கேட்டார். அந்த இடத்தில் என்ன இருக்க வேண்டும் என்று கேட்டேன். "பிரி"யாம். தறியில் தப்பாக நெய்ததைப் பிரிக்கிறோம் இல்லையா, அதேதான். மூன்று மொழி நிபுணர்கள் ஒரு மாதம் உட்கார்ந்தார்களே.

இப்படி அறுபத்துமூன்று சொற்கள் சேர்ந்திருக்கின்றன. எதையும் நான் உருவாக்கவில்லை. திட்டுவதற்கு நடுநடுவே விழுந்தவற்றைப் பொறுக்கினேன்.

இரண்டாம் சுற்று அறிக்கையையும் பட்டியலையும் இன்று சென்னைக்கு அனுப்பிவிட்டேன். எப்படி எடுத்தேன் என்பதை மட்டும் எழுதவில்லை.

3 செப்டம்பர்

சார் போன் செய்தார். குரல் மாறியிருந்தது. "மூணு வாரத்துல நாலு புள்ளி ஒன்பது எப்படிம்மா ஒன்று புள்ளி ஆறு ஆகும்? அதே ஆட்கள், அதே மென்பொருள். நானே வந்து ஒரு சோதனையைப் பாக்கறேன்."

பேஜார்.

24 செப்டம்பர், வெள்ளி

வந்தார். கற்பகம் அக்கா காபியும் கேசரியும் கொடுத்தாள். சாருக்கு நாற்பது வயது இருக்கும். மெதுவாகப் பேசுகிறவர், யாரையும் 'வா போ' என்று சொல்லமாட்டார். மூலையில் நோட்டோடு உட்கார்ந்தார். நான் அச்சடித்த அறிமுகவுரையை எடுத்து வார்த்தை பிசகாமல் படிக்க ஆரம்பித்தேன். சோதனைக்கு உட்கார்ந்த பச்சையப்பன் அண்ணன் அதைக் கேட்கவே இல்லை. புது ஆளைப் பார்த்த சந்தோஷம் அவருக்கு.

"சார், நீங்களாச்சும் கேளுங்க இந்தக் காஞ்சிபுரத்துக்காரன் பண்ண அக்கிரமத்த."

"எந்தக் காஞ்சிபுரத்துக்காரர்?"

"இத செஞ்சவன்தான் சார்!"

சார் என்னைப் பார்த்தார். இதற்கு மேல் எதை மறைப்பது? சொல்லிவிட்டேன். "அண்ணா, காஞ்சிபுரத்துல யாரும் இத செய்யல. நாந்தான் பொய் சொன்னேன். தமிழ்ல போட்டது இவங்க கம்பெனி. சார்தான் தலைமை."

பச்சையப்பன் அண்ணனின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். தோளிலிருந்த துண்டு கைக்கு வந்தது. எழுந்து நின்றார்.

"ஐயய்யோ, சார் செஞ்சதுங்களா? நல்லாத்தான் கீதுங்களே சார்! எல்லைன்னா இன்னா, பார்டர்தானே. கொயந்தைக்குக்கூடப் புரியும். எனக்குத்தான் கண்ணு சரியில்ல சார்."

"செயல்தவிர்?" என்று சார் கேட்டார்.

"அருமைங்க சார்."

"மார்க்கு?"

"அஞ்சுங்க சார். இன்னும் இருந்தாலும் போடுவேன்."

சார் சிரிக்கவில்லை. நோட்டில் எதையோ எழுதினார். கேசரியை மீதி வைக்காமல் சாப்பிட்டுவிட்டு இரண்டரை மணி பஸ்ஸைப் பிடித்தார்.

அண்ணன் மட்டும் போகாமல் நின்றார். "ஒன் வேலைக்கு ஒல வெச்சிட்டனா பாப்பா?"

"இல்லண்ணா. நானேதான்."

28 செப்டம்பர்

சாரின் முடிவு. இரண்டாம் சுற்று செல்லாது. பங்கேற்பாளர்களுக்குப் பொய்த் தகவல் தரப்பட்டிருக்கிறது. முதல் சுற்று செல்லும்.

"சார், முதல் சுற்றுல எல்லாரும் பொய் சொன்னாங்க. நீங்களே கண்ணால பாத்தீங்க."

"பாத்தேன். ஆனா அது நெறிப்படி வாங்கின பொய்ம்மா. நீங்க வாங்கினது நெறி தவறி வாங்கின உண்மை. தணிக்கைக்கு வர்றவங்கிட்ட நான் எதைக் காட்ட முடியும்?"

பட்டியல்? "கோப்புல இருக்கும்" என்றார். கோப்பில் இருக்கும் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

அவர்மேல் கோபம் வரவில்லை, அதுதான் கோபம். பொய் சொன்னது நான்தானே. பன்னிரண்டு பேரின் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். அவர்களும் என்னிடம் சொன்னார்கள், ஆனால் அவர்கள் எனக்காகச் சொன்னார்கள். நான் யாருக்காகச் சொன்னேன்? சொற்களுக்காக என்று எழுதினால் நன்றாக இருக்கும். நான் கண்டுபிடித்தது சரி என்று நிரூபிக்கவும்தான்.

12 அக்டோபர்

கடிதம் வந்தது. ஒப்பந்தம் நீட்டிக்கப்படமாட்டாது. காரணம்: நெறிமுறை மீறல். அம்மா ஜாதகக் கட்டைப் பிரித்துவிட்டாள்.

21 ஜனவரி 2005, வெள்ளி

நெசவாளர் சொசைட்டியின் டிசைன் அறைக்கு மென்பொருள் வந்துவிட்டது. எல்லை, இறுதிப்பகுதி, நெடுக்கிழை எல்லாம் அப்படியே. திறந்துவைக்க வந்த அதிகாரி, "தமிழ்ல வந்திருக்கு, எப்படி இருக்கு?" என்று கேட்டார். பச்சையப்பன் அண்ணன், "அருமைங்க ஐயா" என்றார். அதிகாரியின் கார் தெருமுனை திரும்பியதும் மெனுவை இங்கிலீஷுக்கு மாற்றிவிட்டார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. "தெரியாதத தெரியாத பாஷையிலயே வெச்சிக்கலாம், மானம் போவாது" என்கிறார்.

கற்பகம் அக்காவின் சென்டரில் மாலையில் டிசைன் வகுப்பு எடுக்கிறேன். ஏழு பேர். மென்பொருள் இங்கிலீஷில். ஒவ்வொரு மானிட்டருக்குப் பக்கத்திலும் எங்கள் அறுபத்துமூன்று சொற்களை அச்சடித்து ஒட்டியிருக்கிறேன்.

6 மார்ச்

போளூரிலிருந்து ஒரு வரன். மாப்பிள்ளை என்ன சொல்லிக்கொடுக்கிறாய் என்று கேட்கவில்லை. ஏன் சொல்லிக்கொடுக்கிறாய் என்று கேட்டார். அம்மாவே கட்டை மறுபடி கட்டிவிட்டாள்.

14 ஜூன் 2005, செவ்வாய்

எட்டு மாதம் கழித்து சந்திரமோகன் சார். சென்டருக்குத்தான் போன் செய்தார். நலம் விசாரித்தார். கேசரியை விசாரித்தார். அப்புறம் வந்தது: மென்பொருளை யாரும் தமிழில் பயன்படுத்துவதில்லை என்று வாடிக்கையாளர்களே எழுதியிருக்கிறார்கள். அதனால் காஞ்சிபுரத்தில் புதிதாக ஒரு சோதனை வைத்தார்களாம்.

"பதினாலு பேர்மா. சராசரி நாலு புள்ளி எட்டு."

"சந்தோஷம் சார்."

தொண்டையைச் செருமினார்.

"அங்க... எந்த ஊரைச் சொல்றது?"

"ஆரணி சார்."

2 ஜூலை

காஞ்சிபுரம், இரண்டாம் சுற்று: ஒன்று புள்ளி இரண்டு. நம்மைவிட மோசமாகத் திட்டியிருக்கிறார்கள். பச்சையப்பன் அண்ணனிடம் சொன்னேன். அவருக்குத் தூக்கம் வராது.

20 பிப்ரவரி 2006, திங்கள்

புதிய பதிப்பு வந்தது. அறுபத்துமூன்றில் ஐம்பத்தெட்டு நம்முடையவை. 'பிரி' இருக்கிறது. ராஜம்மாள் அதை நான்கு தடவை அழுத்தி, நன்றாக இருந்த மயிலைப் பிரித்துவிட்டார். சொற்குழு என்று போட்டிருக்கும் இடத்தில் சென்னைப் பெயர்கள் ஐந்து. பச்சையப்பன் அண்ணன் தமிழ் மெனுவிலேயே வேலை செய்கிறார். நான் கேட்டபோது மூன்று மார்க்குதான் போட்டார். கையேட்டின் புதிய பதிப்பில், பக்கம் 11-இல் ஒரு பத்தி சேர்த்திருக்கிறார்கள்: மென்பொருளை உருவாக்கியவர்கள் வேறு ஊரைச் சேர்ந்தவர்கள் எனப் பங்கேற்பாளருக்குத் தெரிவிக்கலாம்.

சென்னை வேலைக்கு பவித்ரா என்ற பெண்ணை எடுத்திருக்கிறார்கள். போன வாரம் மூன்று நாள் என்னிடம் பயிற்சிக்கு வந்துவிட்டுப் போனாள்.