நீ வேண்டாம் என்ற பேட்டரி

என் செல்ல ஸ்டெல்லா அக்கா,

நம் பேட்டரி பாஸாகிவிட்டது. ஆய்வகத்தில் எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குக் கை எழவில்லை.

கோவில்பட்டியிலிருந்து ஒரகடத்துக்கு வேலைக்கு வந்த புதிதில், உப்பில் இருக்கிற சோடியத்தை வைத்து பேட்டரி செய்கிறோம் என்றதும் எங்கள் ஊரில் சிரித்தார்கள். ஆய்வகத்தில் எனக்கு வேலை கற்றுக்கொடுத்த உன்னிடம் சொல்லி வருத்தப்பட்டேன். "சிரிக்கட்டும் வுடுடி. பகல்ல அடிக்கிற வெயில ராத்திரிக்கு எடுத்து வைக்கிற வேலை நம்முது. இத்தவிட பெரிய வேலை இன்னா கீது?" என்றாய். ஹாஸ்டல் சாப்பாடு இறங்காத நாட்களில் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு சேரப்பணஞ்சேரியில் உன் வீட்டுக்குப் போய்விடுவாய். உன் அம்மா எனக்கும் சேர்த்தே உலை வைக்கத் தொடங்கினார்.

பிறகு உனக்கு அந்த இருமல் வந்தது. நுரையீரல் இறுகிக்கொண்டே போகிறது, இனி சரியாகாது என்றார் டாக்டர். மூக்கில் குழாய், பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின். அப்படியே வீட்டில் உட்கார்ந்து, நான் அனுப்பும் அளவுகளைப் பார்த்து என்னைத் திட்டிக்கொண்டிருந்தாய்.

அந்தக் கோடை மழையில் மரம் விழுந்து டிரான்ஸ்ஃபார்மர் போனது. மதியத்துக்குள் வீட்டு இன்வெர்ட்டரும் தீர்ந்து மெஷின் நின்றுவிட்டது. சிலிண்டர் வாங்க உன் தம்பி படப்பைக்கு ஓடினான். அம்மா எனக்கு ஃபோன் செய்து கதறினார். ஆய்வகத்தில் நம் பேட்டரி முழு சார்ஜில் இருந்தது. மேனேஜரிடம் கெஞ்சினேன். ஆய்வுக்குப் பொறுப்பு நீதான் என்பதால், "ஸ்டெல்லா சரின்னா எடுத்துட்டுப் போம்மா" என்றார். உடனே உன்னை ஃபோனில் கூப்பிட்டேன்.

"அக்கா, வண்டி நிக்குது. பேட்டரிய எடுத்துட்டு வாரேன்."

ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கியது உனக்கு. "டெஸ்ட்டு... முடிஞ்சிச்சா?"

"சூட்டு டெஸ்ட் மட்டும்தான் பாக்கி. ஒண்ணும் ஆகாதுக்கா."

"வூட்ல அம்மா கீது. தம்பி கொயந்தைங்க கீது. பத்திக்கினா? டெஸ்ட்டு முடியாம... வேற யார் வூட்டுக்காவது குடுப்பியா? வோணாம்டி."

வெறுங்கையோடு வந்தேன். சிலிண்டர் வரும்வரை உன் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன். உன் உதடு நீலமாகிக்கொண்டிருந்தது. அன்று பிழைத்துக்கொண்டாய். ஆனால் அதன் பிறகு நீ எழுந்து உட்காரவே இல்லை. மாதா கோவில் திருவிழாவுக்குக் கொடி ஏறுமுன் போய்விட்டாய்.

இப்போது சூட்டு டெஸ்டும் முடிந்தது. அதே பேட்டரிதான், அக்கா. புகையவில்லை. வீங்கவில்லை. ஒன்றுமே ஆகவில்லை.

அம்மாவிடம் சொல்லப் போனேன். துணி மடித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து கேட்டார்: "அன்னிக்கே இத்த எடுத்துகினு வந்திருந்தா, எம் பொண்ணு அப்டி மூச்சு இளச்சிருக்க மாட்டா, இல்ல?"

அது பத்திரமானது என்று அன்றைக்கு நமக்குத் தெரியாது. அது சரியான பதில்தான். அதைச் சொல்லி ஒரு தாயைத் தேற்ற முடியுமா? பக்கத்தில் உட்கார்ந்து நானும் அழுதேன். அவர்தான் கடைசியில் என் கண்ணைத் துடைத்துவிட்டார்.

நீ செய்தது சரி. ஆனாலும் எனக்குக் கோபம் வருகிறது. மற்றவர்களுக்காகப் பயந்தாயே, உனக்காக ஒரு தடவை பயந்திருக்கக் கூடாதா? இதை யாரிடம் போய்க் கேட்பேன்?

முதல் சில பேட்டரிகள் வெளியே போகப்போகின்றன. எங்கே கொடுக்கலாம் என்று மேனேஜர் கேட்டார். வீட்டில் ஆக்சிஜன் மெஷின் வைத்திருப்பவர்களுக்கு என்றேன். ஒத்துக்கொண்டார். சுங்குவார்சத்திரத்தில் ஒரு பெரியவரைப் பார்த்துவிட்டு வந்தேன். உன்னைப் போலவே பாதி வாக்கியத்தில் நின்று மூச்சு எடுக்கிறார். அவர் முன்னால் அழக் கூடாதென்று வேகமாகப் பேசி முடித்து வந்துவிட்டேன்.

உனக்கு வாக்குக் கொடுக்கிறேன், அக்கா. எல்லா டெஸ்டும் முடியாமல் ஒரு பேட்டரியையும் யார் வீட்டு வாசலுக்கும் அனுப்ப மாட்டேன். யார் அழுதாலும், நானே அழுதாலும். முடிந்த பிறகு, ஒரு மூச்சுகூடக் காத்திருக்க விட மாட்டேன்.

அம்மாவின் இரண்டாவது மகள்,
உன் தங்கை
செல்வி