முதலாளி ஊதிய மூச்சு

திருப்பூர்
12.3.2006

அன்புள்ள வெள்ளையம்மாளுக்கு,

நீயும் பிள்ளைகளும் சுகந்தானே? முழங்கால் வலி குறைந்ததா? என் சுகத்தைக் கீழே எழுதியிருக்கிறேன், பதறாமல் படி.

பஞ்சுத் தூசி நுரையீரலை எவ்வளவு கெடுக்கிறது என்று ஆராய்ச்சி செய்ய, நம் பனியன் வேஸ்ட் குடோனுக்கு டாக்டர்கள் வந்தார்கள். குழாயில் ஊதினால் மெஷின் மூச்சை அளந்து சொல்லும். அறிக்கை மோசமானால் குடோனை மூடச் சொல்வார்களோ என்று, பத்து வருஷமாக வேலை பார்த்து இருமிக்கொண்டிருக்கும் நல்லம்மாளுக்கும் பழைய ஆட்களுக்கும் அன்று லீவு கொடுத்துவிட்டேன். போன வாரம் சேர்ந்தவர்களை வரிசையில் நிறுத்தினேன். தினமும் வெல்லம் கொடுக்கிறேன், தொண்டையில் தூசி தங்காது என்று பெருமை வேறு அடித்தேன்.

"நீங்களும் ஊதுங்கண்ணா. தூசியில நிக்காத ஒருத்தரு அளவும் வேணுமுங்க" என்றார் லேடி டாக்டர்.

மூன்று தடவை ஊதினேன். மற்றவர்கள் அளவில் பாதிதான் வந்தது.

"மெஷின் கோளாறும்மா" என்றேன்.

"இல்லீங்க. நீங்க எத்தனை வருசம் பஞ்சு பிரிச்சீங்க?"

"முதலாளி ஆகறதுக்கு முன்னால, பதினெட்டு."

அவர் அதை நோட்டில் குறித்துக்கொண்டார்.

நாளை பழைய ஆட்களை அந்த டாக்டர்களிடம் நானே கூட்டிப் போகிறேன். நல்லம்மாளிடம் சொன்னேன். "அன்னைக்கு ஏனுங்க லீவு குடுத்தீங்கன்னு இப்பத் தெரியுதுங்க" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பரீட்சை முடிந்ததும் பெரியவனை இங்கே அனுப்பாதே. ஊருக்கு வரும் லாரியில் இரண்டு தலையணை கொடுத்துவிடு, உயரமாகப் படுத்தால்தான் தூக்கம் வருகிறது. ஃபோன் பண்ணவில்லை என்று கோபப்படாதே. பேசினால் நடுவில் மூச்சு வாங்குவது உனக்குக் கேட்டுவிடும்.

லோடு வந்துவிட்டது.

குருசாமி