பெரியவர் சின்னவர் கம்பெனி

ஜூன் 12, 1979

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக வந்து சேர்ந்தோம். நீங்கள் கட்டிக்கொடுத்த சாப்பாடு எதிர் சீட்டுக்காரருக்கும் போதுமாக இருந்தது. இறங்கும்போது அவர், "உங்க அக்கா கைக்கு ஒரு கும்பிடு சொல்லுங்க" என்றார். கூடப் பிறந்த அக்கா இல்லை, என் வீட்டுக்காரருடைய அண்ணன் சம்சாரம் என்று விளக்க எனக்கு மனசு வரவில்லை. ஆறு வருஷம் ஒரே அடுப்படியில் நின்றிருக்கிறோம். அக்கா என்றே இருக்கட்டும்.

வீடு மூன்றாம் மாடியில். முன்னறைதான் நம் கம்பெனியின் கிளை. ஒரு மேசை, ஒரு போன், பெயர்ப்பலகை. பின்னறையில் நான், பாத்திரங்கள், பெட்டிகள்.

நேற்று இவர் என்னைத் தானிய வியாபாரம் நடக்கிற எக்ஸ்சேஞ்சுக்குக் கூட்டிப்போனார். நடுவில் வட்டமாக ஒரு மேடை. அதைச் சுற்றி ஐம்பது அறுபது ஆண்கள் கையை ஆட்டிக் கத்துகிறார்கள். அடிதடி என்று நினைத்து நான் கதவைப் பார்த்து நகர்ந்துவிட்டேன். அப்புறம் பார்த்தால் எல்லாரையும்விடச் சத்தமாகக் கத்துவது உங்கள் சின்னவர்! வீட்டில் உப்பு குறைந்தால்கூட வாய் திறக்காமல் சாப்பிட்டு எழுந்து போகிற மனுஷன்.

"சோளம் எங்கே வெச்சிருக்காங்க?" என்று கேட்டேன். சிரித்துவிட்டார். "இங்க சோளமே கிடையாது. இது இன்னும் அறுக்காத சோளம், இனிமே வரப்போற மாசத்துக்கு." எனக்குப் புரிந்தவரை இதுதான்: பெரியவர் அங்கே மக்காச்சோளத்தை வாங்கிக் குடோனில் அடுக்குகிறார். விற்பதற்குள் விலை இறங்கினால் நஷ்டம். அதனால் அதே அளவு சோளத்தை இவர் இங்கே முன்தேதிக்கு இன்றைய விலையிலேயே விற்று வைக்கிறார். விலை இறங்கினால் அங்கே போவது இங்கே வந்துவிடும். ஏறினால் இங்கே போவது அங்கே வரும். "அப்ப லாபம்?" என்றேன். "நிம்மதியாத் தூங்கறோமே, அதுதான்" என்றார்.

பின்னறையில் பேச ஆள் இல்லை. உங்கள் குட்டியைக் கேட்டதாகச் சொல்லுங்கள். நான் இல்லாமல் தலை பின்ன விடுகிறாளா?

உங்களையே நினைத்துக்கொண்டிருக்கும்
தங்கச்சி

ஆகஸ்ட் 3, 1979

என் தங்கச்சிக்கு,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். ஐந்தாவது தடவை பெரியவர் பிடுங்கிப் படித்துவிட்டு, "விலை எதுவும் எழுதலையே" என்று திருப்பிக் கொடுத்தார். இவரோடு நான் பிழைக்கிற பிழைப்பைப் பார்.

மூன்றாவது குடோனுக்குக் கூரை போட்டாயிற்று. சைக்கிள் நிறுத்துகிற கொட்டகையில் ஒரு தராசும் நாலு சாக்குமாக இவர்கள் ஆரம்பித்தபோது, ஊரே வேடிக்கை பார்த்தது உனக்குத் தெரியாது. நீ அப்போது கல்யாணமாகி வரவில்லை. அண்ணன் எடை போடுவார், தம்பி முதுகில் சுமப்பார். சுமைகூலிக்கு ஆள் வைக்கக் காசு கிடையாது. இப்போது சுமையாட்களே இருபது பேர். அவர்கள்தான் இதைப் பெரியவர் சின்னவர் கம்பெனி என்று கூப்பிடுகிறார்கள். பலகையில் இருக்கிற பெயர் அவர்கள் வாயில் நுழையவில்லை.

விவசாயிகள் இப்போதெல்லாம் விற்காத சோளத்தையும் நம் குடோனில் போட்டுவிட்டுப் போகிறார்கள். "விலை வரும்போது வித்துக் குடுங்க" என்கிறார்கள். ரசீதுகூடக் கேட்பதில்லை. பெரியவருக்கு அதில் ஒரு பெருமை.

ஆடிட்டர் வந்தார். வரிக்கு நல்லது என்று உன்னையும் என்னையும் பங்குதாரர்களாகச் சேர்த்திருக்கிறார். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். உனக்கும் காகிதம் வரும், போட்டுவிடு. ஆக நானும் ஒரு முதலாளி. நேற்று காய்கறிக்குக் காசு கேட்டேன். "நாளைக்குப் பாக்கலாம்" என்றார் இன்னொரு முதலாளி.

குட்டி தலையை யாரிடமும் கொடுப்பதில்லை. காக்காய் கூடு மாதிரி வைத்துக்கொண்டு அலைகிறாள். சித்தி வந்தால்தானாம்.

உன் அக்கா

நவம்பர் 20, 1988

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் இருவரும் வந்துபோன பிறகு வீடு வெறிச்சென்று இருக்கிறது. இப்போது அலுவலகம் தனி, வீடு தனி, எட்டுப் பேர் சம்பளத்துக்கு. ஆனாலும் நீங்கள் என் சமையலறையில் நின்று, "இந்தக் கரண்டியை எங்கே வெச்சே?" என்று அதட்டிய ரெண்டு நாள்தான் இது வீடு மாதிரி இருந்தது.

அக்கா, ஒன்று கேட்க வேண்டும். கடைசி நாள் ராத்திரிச் சாப்பாட்டில் அவர்கள் பேசியதை நீங்கள் கேட்டீர்கள்தானே? தண்ணீர் ஜக்கோடு பெரியவர் பக்கத்தில் நின்றீர்கள்.

இவர் சொன்னார்: "இந்த வருஷம் விக்க வேண்டாம்ணே. எங்கயும் மழை இல்ல. விலை ஏறப்போவுது. வாங்குவோம்."

பெரியவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "எவ்வளவு?" என்றார்.

"நம்ம குடோன் மாதிரி நாலு."

பெரியவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். இத்தனை வருஷமாக, "நாம சோள வியாபாரி, சூதாடி இல்ல" என்று தம்பியை அடக்கியவர் அவர்தான். கை கழுவிவிட்டு வந்து, துண்டில் துடைத்துக்கொண்டே, "வாங்கு. ஆபீஸ்ல எவனுக்கும் தெரிய வேண்டாம்" என்றார்.

விலை ஏறினால் ரெண்டு பக்கமும் லாபம். சரி. இறங்கினால் ரெண்டு பக்கமும் போகும். நிம்மதியாகத் தூங்குவதுதான் லாபம் என்று சொன்ன மனுஷன் இப்போது தூங்குவதில்லை. பெரியவரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள், அக்கா. நான் சொன்னால் இவர், "உனக்கென்ன தெரியும்" என்கிறார்.

தங்கச்சி

பிப்ரவரி 9, 1989

என் தங்கச்சிக்கு,

கேட்டேன், கேட்டேன். எனக்கும் காது இருக்கிறது. இவரிடம் சொன்னேன். "தம்பி கணக்கு தப்பாது" என்றார். அதற்கப்புறம் விலை ஏறுகிற ஏற்றத்தைத்தான் நீயே பார்க்கிறாயே! வீட்டில் ஒரே சிரிப்பு. இருபது வருஷமாகச் சிரிக்காத மனுஷன் குளிக்கும்போது பாடுகிறார். அதைக் கேட்பதற்கு விலை இறங்கினாலும் பரவாயில்லை என்று தோன்றுகிறது. உன் பயத்தை மடித்து அலமாரியில் வை. குட்டியைக் காலேஜில் சேர்க்க நீயும் நானும் சேர்ந்து போக வேண்டும்.

உன் அக்கா

மே 2, 1989

தங்கச்சிக்கு,

நாலு நாளாக மழை. ஊரே தெருவில் நின்று நனைகிறது. நம் வீட்டில் மட்டும் ஜன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறோம். மழைச் சத்தம் கேட்கிறது என்று இவர் ரேடியோவைச் சத்தமாக வைக்கிறார். ரேடியோவிலும் மழைதான்.

எக்ஸ்சேஞ்சில் நஷ்டத்தை அன்றன்றைக்கே கட்டச் சொல்கிறார்களாமே. தம்பி போன் பண்ணினால் இவர் என்னை எடுக்கச் சொல்கிறார். நான் எடுத்தால், "அண்ணன் இல்லையா?" என்று கேட்டுவிட்டுத் தம்பி வைத்துவிடுகிறார். குடோனில் இருப்பது முழுவதையும் பேங்கில் அடகு வைத்துவிட்டார். முழுவதும் என்றால், போட்டுவிட்டுப் போனவர்களுடையதும்தான்.

நீ சாப்பிடுகிறாயா?

அக்கா

ஜூலை 14, 1989

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று காலை இவரை அழைத்துப் போய்விட்டார்கள். செருப்புப் போட விட்டார்கள். கண்ணாடியை எடுக்க விடவில்லை.

அண்ணனுக்குத் தெரியாமல் கம்பெனிச் சொத்தை வைத்துச் சூதாடினார் என்று புகார். புகாரில் பெரியவர் கையெழுத்து. இவர் அந்தக் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அண்ணன் கையெழுத்து இப்படி இருக்காதே" என்றார். இப்படித்தான் இருக்கும், அக்கா. எத்தனை காசோலையில் பார்த்திருக்கிறேன்.

வக்கீலம்மா சொல்வது எளிதாகத்தான் இருக்கிறது: "ரெண்டு பேரும் சேர்ந்து எடுத்த முடிவுன்னா அது வியாபாரத்துல வந்த நஷ்டம். ஒருத்தர் மறைச்சுப் பண்ணினதுன்னாதான் குற்றம்." நான் சொன்னால், பெண்டாட்டி புருஷனுக்காகப் பேசுகிறாள் என்பார்கள். நீங்களும் ஒரு பங்குதாரர். உங்களையும் விசாரிப்பார்கள். அன்று சாப்பாட்டில் நடந்ததை மட்டும் சொல்லுங்கள். பெரியவரைக் குற்றம் சொல்ல வேண்டாம். "வாங்கு" என்றார், அவ்வளவுதான். சொன்னால் யாருமே ஜெயிலுக்குப் போக வேண்டியதில்லை.

நான் உங்களிடம் இதுவரை எதுவும் கேட்டதில்லை. ஊரிலிருந்து கிளம்பும்போது என் கையில் போட்டுவிட்ட வளையல்கூட நீங்களாகக் கொடுத்ததுதான்.

உங்கள் தங்கச்சி

ஆகஸ்ட் 1, 1989

என் தங்கச்சிக்கு,

விசாரித்தார்கள். எனக்கு எதுவும் தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

சுற்றி வளைத்து எழுதினால் நீ நடுவிலேயே தெரிந்துகொள்வாய், அதனால் முதலிலேயே எழுதிவிட்டேன். இப்போது மீதியையும் படி.

குடோனுக்குப் பேங்க் சீல் வைத்துவிட்டது. வாசலில் தினமும் விவசாயிகள் வந்து நிற்கிறார்கள். கத்தினால், கல்லெறிந்தால் தாங்கிக்கொள்ளலாம். சும்மா நிற்கிறார்கள். ஒரு அம்மா தினமும் வந்து பூட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போகிறாள். அவள் புருஷன் படுக்கையில் கிடக்கிறான். வெளியூர்க் கம்பெனி ஒன்று நம் கம்பெனியைப் பெயரோடு வாங்கிக்கொள்கிறேன், பேங்கையும் இவர்களையும் செட்டில் பண்ணுகிறேன் என்கிறது. ஒரே நிபந்தனை, பெரியவர் பேரில் கறை இருக்கக்கூடாது. ரெண்டு பேருமே சூதாடினார்கள் என்று ஆகிவிட்டால் அவர்கள் போய்விடுவார்கள். ஒருத்தருக்கும் ஒரு மணி சோளம் திரும்பாது.

இவர் என்னிடம் பொய் சொல் என்று கேட்கவில்லை. "உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். அந்த அதிகாரி பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு என் வாயைப் பார்த்தார். எனக்கு உன் முகமும் தெரிந்தது, அந்தப் பூட்டும் தெரிந்தது. வந்தது அந்த வார்த்தைதான்.

திட்டு. பக்கம் பக்கமாகத் திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

அக்கா

மார்ச் 5, 1997

அன்புத் தங்கச்சிக்கு,

எத்தனையோ கடிதம் போட்டுவிட்டேன். ஒன்றும் திரும்பி வரவில்லை, அதனால் உனக்குக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். தம்பி வெளியே வந்து வருஷமாகிவிட்டது என்று கேள்விப்பட்டேன். உடம்பு எப்படி இருக்கிறது அவருக்கு?

விவசாயிகளுக்குப் பாதிதான் கொடுத்தார்கள். மீதி இந்த வருஷம், அடுத்த வருஷம் என்று சொல்லிச் சொல்லி இப்போது அந்தப் பேச்சையே விட்டுவிட்டார்கள். பூட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போவாளே, அவள் நிலத்தை விற்றுவிட்டு எங்கோ போய்விட்டாள். பெரியவர் ஆலோசகர் என்ற பெயரில் தினமும் ஆபீஸ் போகிறார். ஒரு நாற்காலி போட்டிருக்கிறார்கள். யாரும் எதுவும் கேட்பதில்லை. டீ மட்டும் நேரத்துக்கு வருகிறது.

எழுதக் காரணம் இதுதான். கம்பெனிக்கு இருபத்தைந்து வருஷமாம். அதன் வரலாறு என்று புத்தகம் போடுகிறார்கள். எழுதுகிற பையன் படிக்கக் கொடுத்தான். கொட்டகை, தராசு, முதல் குடோன், எல்லாம் இருக்கிறது. நடுவில், 'ஒரு பங்குதாரரின் நம்பிக்கைத் துரோகத்தால்' என்று ஒரு வரி வந்தது. "இதை எடுக்கலைன்னா நான் ஒரு படமும் தரமாட்டேன்" என்று சண்டை போட்டு எடுக்க வைத்தேன். இப்போது தம்பியைப் பற்றி அதில் ஒரு குறையும் கிடையாது. அவர் பேச்சே இல்லை. உனக்காக என்னால் முடிந்தது இது.

கொட்டகை வாசலில் திறப்பு அன்று எடுத்த படம் உன்னிடம்தான் இருக்கிறது. முதல் பக்கத்துக்குக் கேட்கிறார்கள். அனுப்புவாயா?

குட்டிக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. உன்னைக் கேட்கிறாள். நான் என்ன சொல்ல?

உன் அக்கா

மார்ச் 28, 1997

அக்காவுக்கு,

கடிதங்கள் எல்லாம் கிடைத்தன. குட்டிக்கும் குழந்தைக்கும் என் ஆசீர்வாதம். வேறு எதுவும் அவளிடம் சொல்ல வேண்டாம்.

நான் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறேன். இவர் விடியும்போதே எழுந்து, குளித்து, சட்டை போட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறார், யாரோ கூப்பிட வரப்போவது மாதிரி. சாயங்காலம் நான் வரும்போதும் அப்படியே இருப்பார். பக்கத்து வீட்டு ரேடியோவில் தானிய விலை சொல்ல ஆரம்பித்தால் எழுந்துபோய்க் குழாயைத் திறந்து விட்டுவிட்டு, விலை சொல்லி முடியும்வரை தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அவ்வளவு சத்தமாகக் கத்திய மனுஷன்.

ஜெயிலில் பார்க்கப் போனபோது ஒரு தடவைதான் என்னைக் கேள்வி கேட்டார். "குடோன்ல போட்டவங்களுக்கெல்லாம் முழுசாக் கிடைச்சுதா?" கிடைத்துவிட்டது என்றேன். அப்போது எனக்குத் தெரியாது. நீங்கள் எழுதிய நிபந்தனையை நம்பிச் சொன்னேன். "அப்ப சரி" என்றார். அந்த 'அப்ப சரி'யை வைத்துக்கொண்டுதான் அவர் மீதி நாளைக் கழித்தார். இப்போது பாதிதான் என்று தெரிந்துவிட்டது. அவரிடம் சொல்லமாட்டேன். உங்கள் கடிதத்தைக் கிழித்துவிட்டேன்.

அந்த வரியை எடுத்திருக்க வேண்டாம், அக்கா. துரோகி என்று போட்டிருந்தால்கூட அவர் அங்கே இருந்தார் என்றாவது ஆகியிருக்கும். முதுகில் மூட்டை சுமந்தார் என்று யாராவது ஒருத்தர் கேட்டுத் தெரிந்துகொண்டிருப்பார்.

படத்தை இதோடு வைத்திருக்கிறேன். அவர்களுக்குப் பெரியவர் மட்டும்தான் வேண்டும் என்று நினைத்து, நானே வெட்டி அனுப்பலாம் என்று கத்தரிக்கோலை எடுத்தேன். இவர் கை பெரியவர் தோளில் இருக்கிறது. எங்கே வெட்டினாலும் கை நின்றுவிடுகிறது. அதை அவர்களே பார்த்துக்கொள்ளட்டும்.

கோபத்தில் எழுதுவதாக நினைக்காதீர்கள். கோபம் இருந்தால் இத்தனை வருஷம் திட்டித் திட்டி எழுதியிருப்பேன். நீங்களும் பதில் எழுதியிருப்பீர்கள். நமக்குள் ஏதோ ஒன்று ஓடிக்கொண்டிருந்திருக்கும். எவ்வளவு தேடிப் பார்த்தும் கோபம் கிடைக்கவில்லை. அடுத்த மாதம் வீடு மாறுகிறோம். இனி இந்த விலாசத்துக்கு எழுத வேண்டாம்.

சின்னவர் சம்சாரம்