எண் இல்லாமல் வந்த வழக்கில் அப்பாவுக்கு ஒரு விசாரணை நாள் வேண்டி

அனுப்புநர்
டியா லோர்,
த/பெ சோங் நெங் லோர்,
பத்தாம் வகுப்பு மாணவி,
மில் சாலை, ஹோல்ம்ஸ்டெட், மினசோட்டா.

பெறுநர்
மாண்புமிகு நீதிபதி அவர்கள்,
மாவட்ட நீதிமன்றம்,
ஹோல்ம்ஸ்டெட்.

பொருள்: கடன் அட்டை நிறுவனம் தொடுத்த வழக்கில் பதில் தரவில்லை என்று என் தந்தைக்கு எதிராக வழங்கப்பட்ட தீர்ப்பை விலக்கி, அவரை ஒருமுறை நேரில் விசாரிக்கவும், அதுவரை அவருடைய சம்பளத்தில் பிடித்தம் செய்யாமல் நிறுத்திவைக்கவும் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இந்த மனுவைக் கொடுக்க எனக்கு உரிமை இல்லை என்பதை அறிவேன். எனக்கு வயது பதினைந்து. வழக்கு என் மீது இல்லை. நான் எழுதுவது அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தெரியாது. அவர்கள் தூங்கிய பிறகு துணி துவைக்கும் அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். வீட்டுக் கஷ்டத்தை வெளியாரிடம் சொல்வதைப் போன்ற அவமானம் எங்கள் ஹ்மாங் மக்களிடையே வேறு இல்லை. அதைச் செய்வதற்காக முதலில் வெட்கப்படுகிறேன். மனுவைத் தள்ளுவதாக இருந்தாலும் முழுவதும் படித்துவிட்டுத் தள்ளும்படி வேண்டுகிறேன்.

2. அப்பா இவ்வூர் வான்கோழித் தொழிற்சாலையில் இறைச்சி வெட்டும் பிரிவில் வேலை செய்கிறார். இரண்டு குளிர்காலங்களுக்கு முன் தாத்தா இறந்துபோனார். அப்பா அவருக்கு ஒரே மகன். எங்கள் முறைப்படி சடங்கு நான்கு நாள் நடந்தது. மாடு வெட்ட வேண்டும், மண்டபத்துக்கு வாடகை தர வேண்டும், இரவும் பகலும் குழல் வாசிப்பவர்களைக் கவனிக்க வேண்டும், மூன்று மாநிலங்களிலிருந்து வந்தவர்களுக்குச் சாப்பாடு போட வேண்டும். லோர் குலத்தார் தங்களால் முடிந்ததைக் கொடுத்தார்கள். மீதிக்கு அப்பா கடன் அட்டைகளை நீட்டினார். அதன் பிறகு தொழிற்சாலையில் கூடுதல் நேர வேலையை நிறுத்திவிட்டார்கள். தவணை கட்ட முடியவில்லை.

3. அப்போதுதான் அப்பா ஒரு கடன் தீர்வுத் திட்டத்தில் சேர்ந்தார். அட்டைகளுக்குக் கட்டுவதை நிறுத்திவிட வேண்டும். மாதாமாதம் ஒரு தனிக் கணக்கில் பணம் போட வேண்டும். கடன் கொடுத்தவர்கள் ஒவ்வொருவரிடமும் திட்ட நிறுவனமே பேசிக் குறைத்துத் தீர்க்கும் என்றார்கள். கடன் கொடுத்தவர்களிடம் நாங்கள் பேசவே கூடாது என்பதும், வரும் தாள்களையெல்லாம் அவர்களுக்கே அனுப்பிவிட வேண்டும் என்பதும் அவர்கள் சொன்ன விதிகள். எங்கள் வீட்டில் இவற்றைச் சாமி கட்டளை போலப் பின்பற்றினோம். தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் தம்பி போனைத் தலையணைக்கு அடியில் வைத்துவிடுவான். "அது அழுதுக்கிட்டே இருக்கு, யாராச்சும் எடுத்துப் பால் குடுங்களேன்" என்று அம்மா கேலி செய்வார். அப்பா சிரிப்பார். ஒரு மாதம்கூட அந்தக் கணக்கில் பணம் போடத் தவறியதில்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

4. சென்ற இலையுதிர் காலத்தில் ஒருவர் வீட்டுக்கு வந்து, பெயரைக் கேட்டு, அப்பாவின் கையில் சில தாள்களைக் கொடுத்துவிட்டுப் போனார். அப்பாவுக்குத் தொழிற்சாலைக்குப் போதுமான ஆங்கிலம்தான் தெரியும். நான் மூன்றாம் வகுப்பு படித்த நாளிலிருந்து வீட்டுக்கு வரும் தாள்களைப் படித்துச் சொல்வது நான்தான். வழக்கு என்று எழுதியிருக்கிறது என்றேன். அப்பா எண் எங்கே என்று கேட்டார். வழக்கு எண் எழுத வேண்டிய இடம் காலியாக இருந்தது.

5. மறுநாள் அப்பா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, தங்கள் அலுவலகத்துக்கே போன் செய்யச் சொன்னார். பேசிய அம்மையார் மிகவும் அன்பாகப் பேசினார். அப்பாவின் பெயரை எழுத்து எழுத்தாகக் கேட்டுத் தேடிப் பார்த்துவிட்டு, "இந்தப் பேர்ல இங்க எந்தக் கேசும் இல்லையேம்மா" என்றார். அதை அப்படியே அப்பாவிடம் சொன்னேன். "எங்க ஃபேக்டரில செத்த வான்கோழிக்குக்கூட நம்பர் ஒட்டுறாங்க. இவனுங்க கேசுக்கு நம்பர் இல்லையாம்! சும்மா பயமுறுத்துறானுங்க" என்று அப்பா சிரித்தார். ஆனாலும் கவலையாக இருந்ததால் திட்ட நிறுவனத்துக்கும் போன் செய்தோம். "நீங்க பதில் எதுவும் அனுப்பாதீங்க சார். பேப்பர எங்களுக்கு அனுப்பிடுங்க. அந்தக் கடன் பேசி முடிச்சாச்சு, முதல் தவணையும் போயாச்சு" என்றார் அங்கிருந்த பெண். அதையும் நான்தான் மொழிபெயர்த்தேன். அன்று மாலையே அந்தத் தாள்களைத் தபாலில் சேர்த்தோம். அதன் நகல்கூட எங்களிடம் இல்லை.

6. நம் மாநிலத்தில் தாள் கையில் கிடைத்த அன்றே வழக்கு தொடங்கிவிடும், நீதிமன்றத்தில் அதைப் பிறகும் பதிவு செய்யலாம், பதிலைக் கடன் கொடுத்தவரின் வழக்கறிஞருக்குத்தான் அனுப்ப வேண்டும் என்பவற்றைத் தீர்ப்பு வந்த பிறகு நீதிமன்றத்தின் இணையப் பக்கத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன். தங்கள் அலுவலகத்து அம்மையார் பொய் சொல்லவில்லை. அன்று அவ்வழக்கு தங்களிடம் வந்து சேரவில்லை, அவ்வளவே. நானும் அவர் சொன்னதை மாற்றிச் சொல்லவில்லை. இருந்தும் எங்கள் வீட்டுக்குள் அந்தச் செய்தி என் வாய் வழியாகத்தான் வந்தது.

7. தீர்ப்பில் கடன் தொகை முழுவதும் அப்படியே இருக்கிறது. பேசி முடித்ததாகச் சொன்ன தொகையும், கட்டியதாகச் சொன்ன தவணையும் அதில் காணப்படவில்லை. அந்தத் தவணைக்கான பணம் தனிக் கணக்கிலிருந்து எடுக்கப்பட்டதைக் காட்டும் தாளை இத்துடன் இணைத்துள்ளேன். யார் சொல்வது சரி என்று எனக்குத் தெரியாது. அதைத் தாங்கள் விசாரிக்க வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

8. இனி எழுதுவது வழக்குக்குத் தேவையா என்று தெரியவில்லை. சம்பளத்தில் பிடித்தம் செய்யப்போவதாகச் சென்ற வாரம் அறிவிப்பு வந்தது. அந்த உத்தரவு தொழிற்சாலையின் சம்பளப் பிரிவுக்குப் போகும். அங்கே இருப்பவர் என் தாய்மாமா பாவ் சியோங். அம்மாவைப் பெண் கேட்கப் போனபோது அப்பா அவர்கள் வீட்டு ஆண்கள் முன்னால் மண்டியிட்டு வணங்கி, குறையில்லாமல் வைத்துக்கொள்வதாக வாக்குக் கொடுத்தவர். அந்த மாமாவின் மேசையில் போய் இந்தத் தாள் விழப்போகிறது.

9. நான் அந்த அறிவிப்பைப் படித்துச் சொன்னதும் அப்பா தட்டில் இருந்த சோற்றைச் சாப்பிட்டு முடித்தார். பிறகு என் அம்மா யீயிடம், "வெள்ளிக்கிழமை சம்பளம் வாங்கிட்டு ஆர்கன்சா ஸ்டேட்டுக்குப் போயிடறேன். அங்க நம்மாளு கோழிப்பண்ணைல கைல காசு குடுப்பான். உங்க அண்ணன் அந்தப் பேப்பரப் பிரிக்கறப்ப நான் இங்க இருக்கக் கூடாது" என்றார். "அண்ணன் என்ன உன்னைக் கடிச்சா தின்னுடுவாரு? ரெண்டு வார்த்தை திட்டுவாரு, கேட்டுக்கோ" என்றார் அம்மா. "திட்டுனா பரவாயில்ல யீ. திட்ட மாட்டாரு. பாவம்னு பாப்பாரு" என்றார் அப்பா. அப்பாவின் பை இப்போது கதவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அவர் போய்விட்டால் திட்டத்துக்குக் கட்டும் பணமும் நின்றுவிடும், மற்றக் கடன்காரர்களும் வழக்குப் போடுவார்கள். அதைவிட, போனவர் திரும்பி வருவாரா என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

10. ஆகவே, தீர்ப்பை விலக்கி விசாரணைக்கு ஒரு நாள் குறிக்க வேண்டுகிறேன். என் மனுவை ஏற்க இயலாது என்றால், அப்பா கொடுக்க வேண்டிய படிவம் எது என்று ஒரு வரி எழுதினால் போதும். கையெழுத்து வாங்க முயல்கிறேன். எதுவானாலும் வெள்ளிக்கிழமைக்குள் தெரிந்தால், அப்பாவிடம் காட்ட என்னிடம் ஒரு தேதியாவது இருக்கும். தயவுசெய்து போன் செய்ய வேண்டாம். முன்பு சொன்ன காரணத்தால் யாரும் எடுக்க மாட்டார்கள். நாளை காலை பள்ளிக்குப் போகும் வழியில் இதை நேரில் கொடுப்பேன். மாலையில் மீண்டும் வந்து கேட்டுக்கொள்கிறேன்.

11. கடைசியாக ஒன்று. அப்பா நீதிமன்றத்துக்கு வந்தால் கடனைப் பற்றியும் தாத்தாவின் சடங்கைப் பற்றியும் மாமாவைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கும். நான் பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தால் அவர் பாதியைச் சொல்ல மாட்டார். "ஒண்ணுமில்ல, என் தப்புதான்னு சொல்லிடு டியா" என்று முடித்துவிடுவார். நானும் அதைத்தான் தங்களிடம் சொல்ல வேண்டிவரும். அதனால் ஹ்மாங் மொழி தெரிந்த வேறொருவரை, முடிந்தால் லோர், சியோங் குலங்களைச் சேராத ஒருவரை, அன்று அமர்த்தித் தருமாறு மிகவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன்.

தங்கள் நேரத்தை எடுத்துக்கொண்டதற்கு மன்னிப்புக் கோரும்,

டியா லோர்

இணைப்பு: தனிக் கணக்கின் விவரத் தாள் ஒன்று.

இடம்: ஹோல்ம்ஸ்டெட்
நாள்: 13 பிப்ரவரி 2024, செவ்வாய்