டினேசுக்கு எடுத்த நற்சான்றிதழ்கள்

தோட்டவெளி,
மன்னார்.
03.02.2025

என் அன்புத் தம்பி டினேசுக்கு,

ஆண்டவருடைய காவலில் அம்மாவும் நானும் சுகம். நீயும் அந்த விளக்கமறியல் சிறைக்குள் ஒரு நேரமாவது ஒழுங்காகச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன். போன கிழமை உன்னைப் பார்க்க வவுனியாவுக்கு வந்தபோது, கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நின்ற அத்தனை சனமும் ஒரே நேரத்தில் கத்தியது. நான் சொன்னது உனக்கு விளங்கவில்லை, நீ சொன்னது எனக்கு விளங்கவில்லை. அதனால்தான் கடிதம் எழுதுகிறேன். இதைத் திறந்து வாசிக்கப்போகும் ஜெயில் ஐயாவுக்கும் என் வணக்கம்.

தம்பி, நீ வெளியே வரப்போகிறாய்! சந்தோசத்தில் எழுத்து எப்படிக் கோணுகிறது பார். கருவாடு காயவைக்கிற வேலையை அம்மாவின் தலையில் கட்டிவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊரெல்லாம் சுற்றி உனக்கு நற்சான்றிதழ் வாங்கிவிட்டேன். பங்குத்தந்தை தந்தார், கிராம சேவகர் தந்தார், கடற்றொழிலாளர் சங்கத் தலைவர் முத்திரை குத்தியே தந்தார். ஞாயிறு பூசை தவறாதவன் என்று ஃபாதர் எழுதியிருக்கிறார். நத்தார்ப் பண்டிகைக்குப் பிறகு நீ கோவில் பக்கம் தலை வைக்கவில்லை, அந்தப் பாவம் என்னைச் சேராது. எல்லாக் கடிதத்திலும் ஒரு வசனம் கட்டாயம் இருக்கவேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன்: "இவர் எந்தவிதப் போதைப் பொருளையும் தொட்டும் பார்த்திராதவர்." வசனம் என்னுடையது. நல்லாயிருக்கிறதா?

உன் வள்ளத்தின் சொந்தக்காரர், சம்மாட்டி எமிலியானுஸ் மாமா மட்டும் பேனையைப் பிடித்தபடி என்னை நிமிர்ந்து பார்த்தார். "பிள்ளை, இப்பிடியே எழுதவோ?" என்றார். "ஓம் மாமா, இப்பிடியே எழுதுங்கோ" என்றேன். எழுதித் தந்தார்.

நமக்கு ஒரு சட்டத்தரணியும் கிடைத்துவிட்டார். வேணுஜா என்று பெயர், முருங்கன் பக்கம் வயல்காரர் வீட்டுப் பிள்ளை, வயது என்னைவிடக் குறைவு. நாளைக்கே எல்லாவற்றையும் அவரிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். உன் சட்டைப் பையில் பொலிஸ் எடுத்த தூள் பொட்டலங்களை வேறு யாரோ வைத்துவிட்டார்கள் என்று சொன்னால் போதும். இவ்வளவு நல்ல பிள்ளையை எந்த நீதவான் உள்ளே வைப்பார்?

இரவில் குளிர்கிறதா என்று அம்மா கேட்கச் சொன்னார். மறக்காமல் பதில் போடு.

உன் அன்பு அக்கா,
சுவேதினி


வவுனியா
09.02.2025

அன்பின் அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. மூன்று தரம் வாசித்தேன். அந்த நற்சான்றிதழ்களில் வரும் டினேசை எனக்கே பிடித்துப்போய்விட்டது. அவ்வளவு நல்ல பெடியனுக்கு யாரும் யோசிக்காமல் பெண் கொடுக்கலாம்.

என்னைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். நான் இங்கே மரியாதையாகத்தான் இருக்கிறேன். ஊர் எது என்று கேட்டார்கள், மன்னார் என்றேன். கடல் தொழிலா என்று கேட்டார்கள், ஓம் என்றேன். அவ்வளவுதான், இந்தியாவிலிருந்து மஞ்சளும் பீடி இலையும் கள்ளமாக ஏற்றி இறக்குகிற பெரிய ஆள் என்று அவர்களே முடிவு கட்டிவிட்டார்கள். நான் இல்லை என்று சொல்லவில்லை. இப்போது "மன்னார் அண்ணை" என்றுதான் கூப்பிடுகிறார்கள், படுக்கச் சன்னல் பக்கம் இடம் தந்திருக்கிறார்கள். தூள்காரர் என்றால் கக்கூஸ் வாசலில்தான் படுக்க வேண்டும்.

வந்த புதிதில் கொஞ்சம் காய்ச்சல். கை கால் எல்லாம் முறித்துப் போட்டது, எதைக் குடித்தாலும் வாந்தி. தண்ணீர் மாற்றம் என்று எல்லாருக்கும் சொல்லிவிட்டேன். இப்போது பரவாயில்லை. அம்மாவுக்கு இதைச் சொல்ல வேண்டாம். குளிர் இல்லை என்று மட்டும் சொல்லுங்கள்.

அந்தச் சட்டத்தரணிப் பிள்ளையிடம் அலுவலைக் கெதியாக முடிக்கச் சொல்லுங்கள்.

உங்கள் தம்பி,
டினேஷ்


தோட்டவெளி
14.02.2025

என் அன்புத் தம்பிக்கு,

உனக்குக் குளிர் இல்லை என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். இனி நான் எழுதுவதை இருந்துகொண்டு வாசி. நான் கெடுத்துவிட்டேனடா.

வேணுஜாவின் கந்தோருக்குப் போய், பரீட்சையில் முதலாம் பிள்ளையாக வந்தவளைப் போல எல்லா நற்சான்றிதழையும் மேசையில் பரப்பினேன். அவர் ஒவ்வொன்றாக வாசித்தார். வாசிக்க வாசிக்க முகம் சுருங்கியது. கடைசியில் நிமிர்ந்து, "அக்கா, இவர் தூளைத் தொட்டதே இல்லையெண்டா, பொக்கற்றில இருந்த பொட்டலங்கள் ஆருக்கு?" என்று கேட்டார். "விக்கத்தானே வைச்சிருந்தவர் எண்டு கேப்பினம். நீங்கள் உங்கட கையாலயே தம்பியை வியாபாரியாக்கிப் போட்டியள்" என்றார்.

மூன்று நாள் சைக்கிள் மிதித்து, முத்திரையும் குத்தி, உன்னை உள்ளே தள்ளத்தான் கடிதம் சேர்த்திருக்கிறேன். நல்லகாலம், அந்தக் கடிதங்கள் இன்னும் நீதிமன்றத்துக்குப் போகவில்லை.

ஆனால் தம்பி, கேள், வழி இருக்கிறது! வேணுஜா அதைச் சொன்னபோது நான் அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துக் கொஞ்சிவிட்டேன். தூள் பாவித்து அதற்கு அடிமையாகிப் போனவர் என்று அரசாங்க வைத்தியர் பரிசோதித்து எழுதினால், சிறைக்குப் பதிலாகச் சிகிச்சைக்கு அனுப்பச் சொல்லி நீதவானிடம் கேட்கலாமாம். மாத்தளைப் பக்கம் ஒரு நிலையம் இருக்கிறதாம், மருந்து கொடுப்பார்களாம், தொழிலும் பழக்குவார்களாம். குணமாகி வந்தவர்களை வேணுஜாவே பார்த்திருக்கிறார். மார்ச் மூன்றாம் திகதி மன்னாரில் உன் வழக்கு. அதற்கு முன்னம் வைத்தியர் உன்னைப் பார்க்க ஒழுங்கு செய்கிறார்.

நீ செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. வைத்தியரிடமும் நீதவானிடமும், "ஓம், நான் பாவிக்கிறனான்" என்று உன் வாயால் சொல்ல வேண்டும். சொல்லுவாய்தானே?

உன் அக்கா,
சுவேதினி


வவுனியா
19.02.2025

அக்காவுக்கு,

சொல்ல மாட்டேன்.

நீங்கள் கொஞ்சியது போதும், அந்தப் பிள்ளையிடம் வேறு வழி பார்க்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் விற்கத்தான் வைத்திருந்தேன் என்றே இருக்கட்டும். சிறைக்குப் போய்விட்டு வந்தவன் ஊரில் நிமிர்ந்து நடக்கலாம். கள்ளக் கடத்தல் செய்து உள்ளே போனவர்கள் நம் கரையில் எத்தனை பேர், இன்றைக்குத் திருநாளில் புனிதருடைய சுருவத்தைத் தோளில் தூக்கவில்லையா? தூள்காரன் என்று பெயர் எடுத்தவனைச் சுருவத்துக்குக் கிட்ட விட்டதைக் கண்டீர்களா?

அம்மா எந்த முகத்தோடு கோவிலுக்குப் போவார்? அதை யோசித்தீர்களா? யாருக்கும் தெரியாத ஒன்றை நீங்கள் நீதிமன்றத்தில் ஏற்றி ஊருக்கே சொல்லப் பார்க்கிறீர்கள். வைத்தியர் வந்தால் எனக்கு ஒன்றும் இல்லை என்றுதான் சொல்லுவேன்.

டினேஷ்


தோட்டவெளி
23.02.2025

தம்பி டினேசுக்கு,

உன் கடிதத்தை வாசித்துவிட்டு முதலில் உன்னைத் திட்டினேன். கருவாட்டுக்குக் காவல் இருந்த நாய் எழும்பி ஓடியது. பிறகு சைக்கிளை எடுத்தேன். எழுதித் தந்தவர்கள் எல்லாரிடமும் போய், "நான் உங்களைப் பொய் எழுத வைச்சிட்டன், என்ர தம்பி தூள் பாவிக்கிறவன்" என்று சொல்லப் போனேன். அவர்கள் என்னைக் காறித் துப்புவார்கள் என்றுதான் நினைத்தேன்.

கேள், என்ன நடந்தது என்று!

எமிலியானுஸ் மாமா கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். சொன்னேன். தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "எப்பவோ தெரியும் பிள்ளை. வலையில கட்டியிருந்த ஈயத்தை அறுத்து வித்தவன். வலை மிதக்கேக்க நான் வேற என்னத்தை நினைக்கிறது?" என்றார். பிறகு ஏன் எழுதித் தந்தீர்கள் என்று கேட்டேன். "நீ அவ்வளவு சந்தோசமா வந்து நிண்டனி" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

ஃபாதரிடம் போனேன். நீ கோவிலுக்குள் வராமல், பூசை நேரத்தில் சேமக்காலையில் கல்லறைகளுக்கு நடுவில் மயங்கிக் கிடந்ததை அவர் இரண்டு தரம் கண்டிருக்கிறார். "பிள்ளைக்கு உதவியெண்டு பொய் எழுதினனான். இனி உண்மையை எழுத வேணும். நானே கோட்ஸுக்கு வாறன்" என்றார். சங்கத் தலைவருக்கும் தெரியும். கிராம சேவகருக்கும் தெரியும், அவருடைய மனுசிக்கு அவருக்கு முதலே தெரியுமாம்.

இனி அம்மாவுக்குச் சொல்ல வேண்டும். அதுதான் எனக்குப் பெரிய பயம். இரண்டு வருடமாக உனக்கு அல்சர் என்று அவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன், அவரும் உனக்குக் கஞ்சி காய்ச்சித் தந்துகொண்டிருந்தார். பக்கத்தில் இருந்து கையைப் பிடித்துச் சொன்னேன். அம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "அல்சர்க்காரனுக்கு என்னத்துக்கடி சிகரெட் பெட்டித் தாள்? அவன்ர தலையணைக்குக் கீழ இருந்து, தூள் சுட்டுக் கருகின தாள் எவ்வளவு எடுத்து எறிஞ்சிருப்பன். நான் உனக்குத் தெரியாதெண்டெல்லோ நினைச்சுக்கொண்டிருந்தன்!" என்றார். ஒரே வீட்டில் இருந்துகொண்டு நான் அவருக்கு ஒளித்திருக்கிறேன், அவர் எனக்கு ஒளித்திருக்கிறார். இரண்டு பேரும் கட்டிப் பிடித்து அழுதோம். அழுது முடிய அம்மா பசிக்கிறது என்றார். ஒரு மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டார்.

அதனால் தம்பி, யாருக்கும் தெரியாது என்று நீ எழுதினாயே, அப்படி ஒருவரை இந்த ஊரில் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. சுருவத்தைப் பற்றிக் கேட்டாய். தூக்க ஆள் இருக்கிறது, நீ உயிரோடு இருந்தால் போதும். நீ செத்துப்போவாய் என்று எனக்குப் பயமாக இருக்கிறது. இதை இதுவரை நான் யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடம் சொல்லுகிறேன். சிறைக்குப் போய் வந்தாலும் அந்தத் தூள் உனக்காக றோட்டில் காத்துக்கொண்டிருக்கும்.

உனக்காகப் பொய் சொல்ல என்னால் முடிந்தது, ஊர் முழுக்கச் சொன்னேன். இந்த உண்மையை உனக்குப் பதிலாக நான் சொல்ல முடியாது. வைத்தியர் வருகிற வியாழக்கிழமை வருகிறார்.

உன்னை விடாத அக்கா,
சுவேதினி


மாத்தளை
16.03.2025

என் அன்பு அக்காவுக்கும் அம்மாவுக்கும்,

நான் இங்கே வந்து சேர்ந்து நலமாக இருக்கிறேன். இதற்கு முன் கடிதம் எழுத விடவில்லை, கோபிக்க வேண்டாம். இங்கே மலை, விடிய விடியப் பனி. அம்மா கேட்பார், குளிர்தான், ஆனால் போர்வை தந்திருக்கிறார்கள்.

உங்கள் கடைசிக் கடிதத்துக்கு நான் பதில் போடவில்லை. போட என்ன இருந்தது? அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டுதான் வைத்தியரிடம் போனேன். ஒன்றும் இல்லை என்று சொல்லத்தான் போனேன், அதையும் ஒளிக்காமல் எழுதுகிறேன். அவர் வயதானவர், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "வீட்டில ஆருக்கும் தெரியுமோ?" என்று கேட்டார். "எல்லாருக்கும் தெரியுமாம், டொக்டர். எனக்குத்தான் கடைசியாத் தெரிய வந்தது" என்றேன். அவர் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. அதற்குப் பிறகு எதையும் ஒளிக்க ஏலாமல் போய்விட்டது, எல்லாவற்றையும் சொன்னேன். மாமாவின் ஈயத்தையும் சொன்னேன்.

அன்று பின்னேரமே மன்னார் அண்ணை செத்துப்போனார். நான் தூள்காரன் என்று தெரிந்ததும் என் பாயைத் தூக்கிக் கக்கூஸ் வாசலில் போட்டார்கள். படுத்திருந்தேன். விளக்கு அணைந்த பிறகு ஒருவர் மெதுவாக ஊர்ந்து வந்தார். சன்னல் பக்கத்தில் எனக்கு அடுத்ததாகப் படுத்தவர், பெரிய சண்டியர். என் காதுக்குள், "தம்பி, அந்த டொக்டரை எப்பிடிப் பாக்கிறது?" என்று கேட்டார். அக்கா, அன்றைக்கு நான் எவ்வளவு சந்தோசப்பட்டேன் தெரியுமா! வேணுஜா மிஸ்ஸின் பெயரை அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன். மிஸ்ஸிடம் சொல்லி வையுங்கள்.

வழக்கு நாளில் நீங்கள் எல்லாரும் எனக்குப் பின்னால் இருந்தீர்கள் என்று தெரியும். ஃபாதர் எழும்பி நின்று, நீதிமன்றத்துக்கு வராத அந்த முதல் கடிதத்தில் தான் எழுதியது பொய் என்று தானாகவே சொன்னபோது அவருடைய குரலைக் கேட்டேன். அம்மாவின் இருமலைக் கேட்டேன். நீதவான் என்னைப் பார்த்து, "நீர் பாவிக்கிறனீரா?" என்று கேட்டார். "ஓம் ஐயா, பாவிக்கிறனான். என்னால விட ஏலாமக் கிடக்கு" என்றேன். சிகிச்சைக்கு அனுப்பக் கட்டளை வந்ததும் பின்னால் ஒருவர் விசும்பினார், அது நீங்கள்தான்.

நான் ஒரு தரமும் திரும்பிப் பார்க்கவில்லை. பொலிஸ் வாகனத்தில் ஏறும்போதும் பார்க்கவில்லை. அம்மா அதை நினைத்து அழுதிருப்பார். கோபத்தில் இல்லை, அம்மா. உங்கள் முகத்தையும் அக்காவின் முகத்தையும் பார்த்தால் என் வாயில் பொய்தான் வரும். இரண்டு வருடமாக அந்த முகங்களைப் பார்த்துத்தான் பொய் சொல்லிப் பழகியிருக்கிறேன். நீதவானுடைய முகம் எனக்குப் பழக்கமில்லாத முகம், அதனால் தப்பினேன்.

இங்கே அடுத்த மாதம் முதலாம் ஞாயிறு வீட்டாரைப் பார்க்க விடுவார்கள். கம்பி வலை இல்லை, பக்கத்தில் வந்து இருக்கலாம். இரண்டு பேரும் வாருங்கள். உங்கள் முகத்தைப் பார்த்து உண்மை சொல்ல எனக்கு இன்னும் வராது. பழக வேண்டும்.

உங்கள்,
டினேஷ்